தினம் ஒரு வெண்பா: வேலைக்குப் போகிறவர் நேரம் எடுப்பது எப்படி?

ஓரசை (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். நேர் (குறிலோ நெடிலோ தனியாக நிற்கும் அசை), நிரை (குறிலோடு இன்னோர் எழுத்து இணையும் அசை), அசைகள் சேர்ந்த சீரின் வாய்பாடு, சீரோடு சீர் சேரும் தளை எல்லாம் தெரியும். யாராவது எழுதிய வெண்பாவைக் கொடுத்தால் பிழையில்லாமல் அசை பிரித்து அலகிட்டுவிடுவேன். சொந்தமாக எழுத உட்கார்ந்தால்தான் சிக்கல். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் முதல் அடியோடு நின்றுவிடுகிறது. அடுத்த ஞாயிறு அதே தாளை எடுத்தால், என்ன சொல்ல வந்தோம் என்பதே மறந்திருக்கிறது. அதனால் வாரத்துக்கு ஒருமுறை என்பதை விட்டுவிட்டு, தினமும் கொஞ்ச நேரம் என்று மாற்ற நினைக்கிறேன்.

நிலைமை இதுதான்: காலையில் 50 நிமிடம் பேருந்து, பெரும்பாலும் நின்றுகொண்டே. மாலையிலும் அதே. வீட்டுக்கு வர ஏழரை ஆகும். அதன்பின் சமையல், பிள்ளையின் வீட்டுப்பாடம். இரவு பத்துக்கு மேல் தலை ஓடாது.

கேட்க நினைப்பது மூன்று. ஒரு நாளைக்கு 20 நிமிடம் போதுமா? கையில் நோட்டு இல்லாமல், நின்றபடி எழுத முடியுமா? எந்த வகை வெண்பாவில் தொடங்கலாம்?

ஒரு குறள் வெண்பா முயற்சியும் கீழே. தளை தட்டுகிறது என்று தெரிகிறது, எப்படிச் சரிசெய்வது என்று தெரியவில்லை.

*பேருந்தில் நின்றபடி குழந்தைமுகம் எண்ணுகையில்*
*நேரம் நகரவே இல்லை*

---

ஈற்றடிக்காரர்

20 நிமிடம் தாராளம். ஆனால் அதை ஒரே இருப்பில் எடுக்காதீர்கள். வெண்பா ஒரே மூச்சில் எழுதுவதற்கான சரக்கு இல்லை. சொல் மாட்டிக்கொண்டால் விட்டுவிட்டு வேறு வேலை பார்ப்பதும் எழுதுவதில் சேர்த்திதான். உங்களுக்கு இரண்டு பேருந்துப் பயணம் இருக்கிறது. இந்த வேலைக்கு அதைவிடத் தோதான நேரம் கிடைக்காது.

நாள் கணக்கை மாலையில் தொடங்குங்கள். மாலைப் பேருந்தில் ஈற்றடி (கடைசி அடி) மட்டும், 10 நிமிடம். இரவு எதுவும் வேண்டாம். மறுநாள் காலைப் பேருந்தில் அதற்கு முந்தைய அடி. மதியம் சாப்பிட்டு முடித்ததும் 5 நிமிடம் தாளில் எழுதி அலகிடுங்கள். தளை தட்டினால் அங்கேயே ஒரு சொல்லை மாற்றப் பாருங்கள். மாறாவிட்டால் பக்கத்தில் ஒரு குறி போட்டு மூடிவிடுங்கள். அன்று மாலை புதிய ஈற்றடி. நேற்றையதை இன்றைக்கு இழுத்துக்கொண்டு வரக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை முயற்சிகள் நின்றுபோவது இந்த இழுவையால்தான்: அரைகுறையாகக் கிடக்கும் ஒன்று புதிதாக எதையும் தொடங்க விடாது.

ஏன் ஈற்றடியில் தொடங்கச் சொல்கிறேன்? கட்டுப்பாடு அதிகம் உள்ள இடம் அதுதான். கடைசிச் சீர் நாள் (நேர்), மலர் (நிரை), காசு (நேரோடு குற்றியலுகரம்), பிறப்பு (நிரையோடு குற்றியலுகரம்) ஆகிய நான்கில் ஒன்றாக இருக்க வேண்டும். மேலிருந்து எழுதிக்கொண்டு வருகிறவர் கருத்தையெல்லாம் சொல்லி முடித்தபிறகு, கடைசிச் சொல் காயாகவோ (நேரில் முடியும் மூவசை) விளமாகவோ (நிரையில் முடியும் ஈரசை) நிற்கிறதைப் பார்த்து மலைத்துப்போவார். கீழிருந்து கட்டினால் அந்தத் தொல்லை கிடையாது. அதோடு, ஈற்றடியின் முதல் அசை நேரா நிரையா என்று தெரிந்துவிட்டால் அதற்கு முந்தைய அடி எப்படி முடிய வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். நேரில் தொடங்கினால் முந்தைய சீர் விளமாகவோ காயாகவோ இருக்க வேண்டும். நிரையில் தொடங்கினால் மாச்சீர் (நேரில் முடியும் ஈரசை).

உதாரணத்துக்கு ‘மேலே மிதக்கும் மணம்’ என்று ஓர் ஈற்றடி கிடைத்தது என்று வையுங்கள். தேமா, புளிமா, மலர். நேரசையில் தொடங்குகிறது, ஆகவே முதல் அடி காயில் முடியலாம். எதன் மேலே மிதக்கும் மணம்? தேநீரின். ‘தேநீரின்’ தேமாங்காய், பொருந்துகிறது. எதுகைக்கு இரண்டாம் எழுத்து லகர வரிசை வேண்டும், முதல் எழுத்து நெடிலாக இருக்க வேண்டும்: காலை, சாலை, மாலை, வேலை, சோலை, பாலில். காலையை எடுத்தால் மூன்றாம் சீருக்குக் ககர மோனை (முதல் எழுத்துப் பொருத்தம்) தேட வேண்டும்.

*காலைப் பனியில் கடைவாசல் தேநீரின்*
*மேலே மிதக்கும் மணம்*

இவ்வளவுதான் ஒரு நாள் வேலை. பெரிய கவிதை இல்லை. தளை தட்டாமல், சொல்ல வந்ததைச் சொல்லி முடிந்திருக்கிறது, அது போதும்.

வகைக்கு வருவோம். முதல் மூன்று நான்கு வாரம் குறள் வெண்பா மட்டும். 7 சீர்தான், நின்றபடியே மனத்தில் வைத்துக்கொள்ள முடியும். அடுத்து சிந்தியல் வெண்பா, மூன்றடி, 11 சீர். இதைப் பலர் தாண்டிக் குதித்து நேரே நாலடிக்குப் போய்விடுகிறார்கள்; நடுவில் ஓர் அடியைக் கூடுதலாக நிரப்பும் பழக்கம் வராமல் 15 சீரில் கை வைத்தால் மூன்றாம் அடியில் மூச்சு வாங்கும். அதன்பின் இன்னிசை வெண்பா, தனிச்சொல் தொல்லை கிடையாது. நேரிசை வெண்பா கடைசியில். இரண்டாம் அடியின் முடிவில் தனிச்சொல், அது முதல் இரண்டு அடிகளின் எதுகையிலேயே வர வேண்டும், பின் இரண்டு அடிக்குப் பெரும்பாலும் தனி எதுகை. இதைத் தினம் 20 நிமிடத்தில் எழுத முதலில் எதுகைப் பட்டியல் ஒன்று கையில் சேர்ந்திருக்க வேண்டும்.

நேரிசை எப்படி இருக்கும் என்பதற்கு ஒன்று:

*மின்விசிறி நின்றவுடன் மேனியெலாம் வேர்வைமழை*
*சன்னல் திறந்தும் சலனமில்லை – என்செய்வேன்*
*கைவிசிறி தேடிக் களைத்தமர்ந்தால் திண்ணையிலே*
*மேவும் நிலவே விளக்கு*

இதுவும் கீழிருந்து கட்டியதுதான். ‘நிலவே விளக்கு’ முதலில். மின்வெட்டு அதற்குப் பிறகு வந்தது.

---

கூவிளம்

ஓரசை, உங்கள் குறளை எடுத்துக்கொள்கிறேன். பேருந்தில் – பே/ருந்/தில், தேமாங்காய். நின்றபடி – நின்/றப/டி, கூவிளங்காய். காய் முன் நேர் வர வேண்டும். வந்திருப்பது குழந்தைமுகம் – குழந்/தைமு/கம். நிரையில் தொடங்குகிறது. தட்டுவது இங்கேதான்.

இரண்டாவது அடி: நேரம் – தேமா, நகரவே – கருவிளம், மா முன் நிரை, சரி. அடுத்த ‘இல்லை’ நேரில் தொடங்குகிறது, விளம் முன் நேர், தளையும் சரி. ஆனால் அது ஈற்றுச்சீர். இல்/லை என்று இரண்டு நேரசை. காசு என்ற வாய்பாட்டுக்குள் வர இரண்டாவது அசை குற்றியலுகரமாக (ஓசை குறுகிய கு, சு, டு, து, பு, று) இருக்க வேண்டும். லை அப்படி இல்லை. ஆகவே இரண்டு பிழை, இரண்டும் வேறு வேறு இனம். தளைப்பிழைக்குச் சொல்லை மாற்றினால் போதும். ஈற்றுப்பிழைக்குப் பெரும்பாலும் வாக்கியத்தையே திருப்ப வேண்டும்.

முதல் பிழைக்கு மருந்து கைவசமே இருக்கிறது. குழந்தை நிரையில் தொடங்கும், பிள்ளை நேரில் தொடங்கும். பிள்ளை என்று மாற்றினால் தளையும் சரி, பே–பி என்று மோனையும் சேர்ந்தாயிற்று. இரண்டாவதற்கு ‘நகரவே இல்லை’ என்ற வினைமுடிவை விட்டுவிட்டுப் பெயரில் முடிக்கலாம்:

*பேருந்தில் நின்றபடி பிள்ளைமுகம் எண்ணுகையில்*
*நேரம் நகரா நிலை*

‘பிள்ளைமுகம்’ என்பதில் ஒரு கவனம். பிள்/ளைமு/கம் என்று பிரிக்கும்போது நடுவில் வரும் ளை குறிலாகக் கணக்கு, ஐகாரக்குறுக்கம். அதை நெடிலாக வைத்தால் பிள்/ளை/முகம், தேமாங்கனி ஆகிவிடும். கனிச்சீர் (நிரையில் முடியும் மூவசை) வெண்பாவில் நுழையவே கூடாது.

இப்போது நேர விஷயம். 20 நிமிடத்தில் 15 நிமிடம் சொல் தேடுவதில்தான் போகும். அந்தத் தேடலை எழுதும் நேரத்திலிருந்து வெளியே எடுத்துவிட்டால் மீதி தானாக நடக்கும். அதற்கு ஒரு சிறிய நோட்டு, சட்டைப்பைக்குள் போகும் அளவில். இரண்டு பகுதி.

முதல் பகுதியில் ஒரே பொருள், வேறு அசை: குழந்தை/பிள்ளை மாதிரி. மழை–மாரி, கடல்–ஆழி, தெரு–வீதி, நிலவு–திங்கள், குளம்–பொய்கை, நெருப்பு–தீ, மலை–குன்று, விழி–கண், வனம்–காடு, மலர்–பூ. முதலில் இருப்பது நிரைத் தொடக்கம், இரண்டாவது நேர்த் தொடக்கம். இந்த ஜோடிகள் ஐம்பது சேர்ந்துவிட்டால் தளைப்பிழையில் பாதி கண்ணை மூடிக்கொண்டு தீரும். ஆழி, பொய்கை எல்லாம் பழைய சொல்லாயிற்றே என்று தோன்றினால் விட்டுவிடலாம்; பேருந்துப் பாட்டில் ஆழி வந்தால் பொருந்தாதுதான்.

இரண்டாவது பகுதி, இன்றைய சொற்களுக்கு. இதைப் பலர் செய்வதில்லை, பிறகு எல்லா வெண்பாவிலும் தென்றலும் தாமரையுமே வருகிறது. நீங்கள் தினம் பார்க்கும் பொருள்களின் பெயரை வாய்பாட்டு வாரியாக எழுதி வையுங்கள். குக்கர் – தேமா. அலைபேசி – புளிமாங்காய். மின்தூக்கி – தேமாங்காய். மடிக்கணினி – கருவிளங்காய். கணினியில் – கருவிளம். வாசலில் – கூவிளம். எழுதும்போதே எது உள்ளே வராது என்பதும் தெரிந்துவிடும். ‘அலுவலகத்தில்’ நாலு அசை, வெண்பாவில் இடமே கிடையாது. ‘பணியிடத்தில்’ என்றால் கருவிளங்காய், உட்கார்ந்துவிடும். ‘நடைபாதையில்’ புளிமாங்கனி, ‘தொலைக்காட்சியில்’ அதேதான். இந்த இரண்டும் ‘இல்’ உருபு சேர்ந்ததால் கெட்டவை. உருபை எடுத்துவிட்டு நடைபாதை என்று நிறுத்தினால் புளிமாங்காய். கனிச்சீர் வந்து தொல்லை கொடுத்தால் முதலில் வேற்றுமை உருபைச் சந்தேகப்படுங்கள்.

இன்னொன்று, பிரித்து எழுதி ஏமாறுவது. ‘காற்று அடித்து’ என்று தாளில் எழுதினால் தேமா, புளிமா, தளை சரிதான் என்று தோன்றும். வாய்விட்டுப் படித்தால் ‘காற்றடித்து’ என்றுதான் வரும். அது ஒரே சீர், கூவிளங்காய். உங்கள் நாற்சீரடி முச்சீராகிவிட்டது. ‘மழை ஓய்ந்து’ என்பதும் ‘மழையோய்ந்து’ ஆகிவிடும். அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்குகிற இடமெல்லாம் சேர்த்துப் படித்துப் பார்த்தபிறகே அலகிடுங்கள். மதியம் 5 நிமிடத்தில் செய்ய வேண்டிய முதல் வேலை அதுதான்.

---

அடுப்படிப் புலவர்

நோட்டெல்லாம் சரி, நின்றுகொண்டு போகிறவருக்கு ஒரு கை கம்பியில், இன்னொரு கையில் பை. நோட்டை எங்கே பிடிப்பது? தம்பியோ தங்கையோ தெரியாது, மன்னிக்கணும். கையில் எழுதாமலே எழுதும் முறை ஒன்று சொல்கிறேன். இது சமையல் நேரத்துக்கும் பொருந்தும்.

ஓர் அடிக்கு நாலு சீர், கையில் கட்டைவிரலை விட்டால் நாலு விரல். சுட்டுவிரல் முதல் சீர், சுண்டுவிரல் நாலாம் சீர். கட்டைவிரலால் ஒவ்வொரு விரலையும் தொட்டு அசை எண்ணுங்கள்: நேருக்கு லேசாக ஒரு தட்டு, நிரைக்கு அழுத்தமாக ஒரு தட்டு. மாச்சீர் சொன்ன கையோடு அடுத்த விரலில் கட்டைவிரல் அழுத்தமாக விழ வேண்டும். விளமோ காயோ சொன்னால் லேசாக. ஒரு வாரம் இப்படிச் செய்தால் தளை தட்டுவது காதுக்கு முன்னால் விரலுக்குத் தெரியும். பொழிப்பு மோனையும் இதில் நன்றாகப் பிடிபடும்: முதல் விரலும் மூன்றாவது விரலும் ஒரே எழுத்து. ஈற்றடிக்கு மூன்று விரல்தான், சுண்டுவிரல் சும்மா இருக்கும். முடிந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

 

மோனைக்கு அதே எழுத்துதான் வேண்டும் என்று முட்டிக்கொள்ள வேண்டாம். அ, ஆ, ஐ, ஔ ஒரு கூட்டம். இ, ஈ, எ, ஏ ஒரு கூட்டம். உ, ஊ, ஒ, ஓ ஒரு கூட்டம். மெய்யில் ச–த, ந–ஞ, ம–வ ஒன்றுக்கொன்று உறவு. மேலே ஈற்றடிக்காரர் ‘மேவும் … விளக்கு’ என்று வைத்தது இந்தக் கணக்கில்தான். தெரியாதவர்கள் மே, மி, மெ என்று அகராதியைப் புரட்டிக்கொண்டிருப்பார்கள்.

எதுகையில் அப்படி விட்டுக்கொடுப்பு இல்லை. இரண்டாம் எழுத்து பொருந்தினால் மட்டும் போதாது, முதல் எழுத்தின் அளவும் பொருந்தணும். பட்டுக்குக் கட்டு, தட்டு, எட்டு எதுகை. பாட்டு எதுகை ஆகாது. வாரத்துக்கு ஒரே ஓர் எழுத்து எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் ண்ண என்றால் கண்ணில், மண்ணில், எண்ணம், வண்ணம், திண்ணை, வெண்ணெய், கிண்ணம், சுண்ணாம்பு. பாத்திரம் துலக்கும்போது இந்தப் பட்டியலை வாயில் போட்டுக்கொண்டே இருந்தால் போதும். துலக்கும்போது வெண்பாவே எழுதப் பார்க்காதீர்கள். கை வேலையும் சீர் எண்ணிக்கையும் சேர்ந்தால் இரண்டும் கெடும். அடுப்பில் பால் இருந்தால் கேட்கவே வேண்டாம். கை வேலை நேரம் சொல் சேர்க்க. நிற்கும் நேரம், காத்திருக்கும் நேரம் சீர் அடுக்க.

பேருந்தில் அடி அமைந்ததும் இறங்கும் முன் இரண்டு தடவை மனசுக்குள் முழுசாகச் சொல்லுங்கள். இறங்கியதும் அலைபேசியில் பேசிப் பதிவு செய்துவிடுங்கள், தட்டச்சு வேண்டாம். தட்டச்சு செய்ய அலைபேசியைத் திறந்தால் வாட்ஸப்பில் ஏழு செய்தி காத்திருக்கும், அடி போயே போய்விடும்.

---

வெற்றுச்சொல் எதிரி

தினம் ஒரு புதிய வெண்பா என்பதே எனக்கு ஒப்பவில்லை. தினம் வெண்பாவைத் தொடுவது வேறு, தினம் ஒன்றை முடித்துக் காட்டுவது வேறு. முடித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் வந்தால் இடத்தை அடைக்கும் சொற்கள் புகுந்துவிடும்: தான், ஏ, மேவும், நன்றாய், என்செய்வேன். பார்க்க வெண்பா மாதிரியே இருக்கும்.

ஈற்றடிக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்பி அவருடைய நேரிசையையே எடுக்கிறேன். ‘என்செய்வேன்’ என்ற தனிச்சொல்லை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். பொருளில் ஏதாவது குறைந்ததா? இல்லை. அப்படியென்றால் அது நிரப்பி. அங்கே வேண்டியது நகர எதுகை அல்ல, றன்னகர எதுகை: ன் இரண்டாம் எழுத்தாக, முதல் எழுத்து குறிலாக, நேரில் தொடங்கி, காயிலோ விளத்திலோ முடிய வேண்டும். அத்தோடு அடுத்த அடிக்குப் பொருள் கொடுக்கவும் வேண்டும். ‘முன்னிரவில்’ – முன்/னிர/வில், கூவிளங்காய். வைத்துப் பாருங்கள்:

*சன்னல் திறந்தும் சலனமில்லை – முன்னிரவில்*
*கைவிசிறி தேடிக் களைத்தமர்ந்தால் திண்ணையிலே*

இப்போது நிலவு எங்கிருந்து வந்தது என்பதற்கும் விடை கிடைத்துவிட்டது. இந்த ஒரு சொல்லைத் தேடுவதற்கு ஒரு முழு நாளின் 20 நிமிடத்தைக் கொடுக்கலாம். தவறே இல்லை. ஆனால் ஈற்றடிக்காரர் சொன்ன முறையில் அதற்கு நாளே கிடையாது, மாலையானால் அடுத்த ஈற்றடிக்கு ஓட வேண்டும்.

‘மேவும்’ எதுகைக்காக வந்தது, அதைப் பொறுத்துக்கொள்ளலாம். வாரத்துக்கு ஒருமுறை வந்தால் கேடில்லை.

என் யோசனை: திங்கள் முதல் வியாழன் வரை புதியவை. வெள்ளியும் சனியும் அந்த நாலில் ஒன்றை மட்டும் எடுத்துத் திருத்துங்கள், மற்ற மூன்றைத் தொடவே வேண்டாம். திருத்தும்போது முதலில் நிரப்பிகளைக் கோடிடுங்கள். அடுத்து வகையுளி (சீருக்காகச் சொல்லை நடுவில் உடைப்பது) பாருங்கள். ‘பேருந்தில் ஏறிய பிள்ளைக ளைப்பார்த்து’ என்று எழுதினால் சீர் சரியாகத்தான் விழும், ஆனால் ‘பிள்ளைகளை’ நடுவில் உடைந்து கிடக்கிறது. பழம் பாடல்களில் வகையுளி உண்டு, மறுக்கவில்லை. பழகுகிற காலத்தில் அதை அனுமதித்தால் கை அதற்கே போகும். எந்தச் சொல்லையும் எங்கேயும் வெட்டலாம் என்றால் சொல் தேடும் தேவையே இல்லையே.

ஞாயிறு எழுத வேண்டாம். குறளில் ஏதாவது ஓர் அதிகாரத்தை எடுத்துப் பத்துக் குறளையும் அலகிடுங்கள். அத்தனையும் குறள் வெண்பா, உங்களுக்குப் பயிற்சிக்கு 1330 இருக்கிறது. அலகிடும்போது ஒன்றை மட்டும் தனியே குறியுங்கள்: ஈற்றுச்சீர் நாளா, மலரா, காசா, பிறப்பா? ஈற்றில் என்னென்ன சொற்கள் இவ்வளவு இயல்பாக வந்து நிற்கின்றன என்று பார்த்தாலே உங்கள் ‘இல்லை’ சிக்கல் தீரும்.

---

ஓரசை

மிக்க நன்றி. ‘பிள்ளை’ மாற்றத்தை நாள் முழுக்க யோசித்தும் பிடித்திருக்க மாட்டேன். இரண்டு துணைக்கேள்வி. தளை பார்க்க இணையத்தில் மென்பொருள் இருக்கிறதே, மதியம் அலகிடுவதை அதிடம் விட்டுவிட்டால் 5 நிமிடம் மிச்சமாகுமா? அலுவலகத்தில் மாதக் கடைசியில் நாலைந்து நாள் எதுவும் முடியாது, அந்த நாள்களில் என்ன செய்வது?

---

கூவிளம்

அவலோகிதத்தைச் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அசை, சீர், தளை, தொடை எல்லாம் பிரித்துக் காட்டும், நல்ல கருவி. ஆனால் முதலில் கையால் அலகிட்டுவிட்டு, பிறகு சரிபார்க்க மட்டும் பயன்படுத்துங்கள். காரணம் சோம்பலைப் பற்றியது அல்ல. நீங்கள் பேருந்தில் அடி கட்டுகிறீர்கள், அங்கே காதும் விரலும்தான் துணை. மதியம் கையால் பிரித்துப் பிரித்துத்தான் அந்தக் காது வரும். அதோடு, சொற்களைப் பிரித்து உள்ளிட்டால் பிரித்தபடியே கருவி எண்ணிவிடக்கூடும். மேலே சொன்ன ‘காற்று அடித்து’ ஏமாற்று வேலை அதிலும் தப்பிவிடலாம். நிரப்பிச் சொல்லையும் அது கண்டுபிடித்துத் தராது. உங்கள் பிரிப்பும் கருவியின் பிரிப்பும் வேறுபட்டால் அதுதான் பார்க்க வேண்டிய இடம், பெரும்பாலும் நடுவில் ஓர் ஐகாரமோ கடைசியில் ஓர் உகரமோ இருக்கும்.

உகரம் என்றதும் ஒன்று. ஈற்றில் கதவு, நிலவு, உறவு போன்றவற்றைத் தொடக்கத்தில் தவிர்த்துவிடுங்கள். வு வல்லினம் இல்லை, அது முற்றியலுகரம் (ஓசை குறுகாத உகரம்). அழகு, விளக்கு, பாட்டு, இன்று – இப்படி கு, சு, டு, து, பு, று ஈறுகளை வையுங்கள். ‘அது’, ‘பசு’ என்பவை இரண்டு குறில் மட்டும் என்பதால் மலர் கணக்கில் வந்துவிடும், அதில் தொல்லை இல்லை.

---

ஈற்றடிக்காரர்

வெற்றுச்சொல் எதிரிக்கு: ‘முன்னிரவில்’ நன்றாக இருக்கிறது, எடுத்துக்கொண்டேன். வெள்ளி, சனி திருத்த நாள் என்பதும் நியாயம்தான். ஆனால் முதல் மாதத்தில் வேண்டாம். திருத்துவதற்குக் கையில் கொஞ்சம் சரக்கு சேர வேண்டும். இருபது குறள் வெண்பா தேறியபிறகு அந்த முறைக்கு மாறலாம்.

ஓரசை, மாதக் கடைசிக்கு வழி இருக்கிறது. அந்த நாள்களில் ஈற்றடி மட்டும். மூன்று சீர், மாலைப் பேருந்தில், அவ்வளவே. முந்தைய அடி வேண்டாம், தாள் வேண்டாம், அலகிடல் வேண்டாம். பேசிப் பதிவு செய்து வைத்துவிடுங்கள். அப்படிச் சேர்ந்த நாலைந்து ஈற்றடி அடுத்த மாதம் ஈற்றடி கிடைக்காத மாலைகளுக்கு உதவும். விட்டுப்போன நாளுக்கு ஈடாக மறுநாள் இரண்டு எழுதுவது மட்டும் கூடாது. இரண்டாவது எப்போதும் நிரப்பிகளால்தான் முடியும்.

நோட்டில் ஒரு பக்கத்துக்கு ஒரு வெண்பா. வலப்பக்கம் எழுதுங்கள், இடப்பக்கத்தைக் காலியாக விடுங்கள், திருத்தம் வரும்போது அங்கே. தட்டும் சீரின் தலையில் ஒரு புள்ளி. தோற்றுப்போனதைக் கிழிக்க வேண்டாம். பத்துப் பக்கம் புரட்டினால் புள்ளிகள் எந்தச் சீரில் கூடுகின்றன என்று தெரியும். பழகுகிறவர்களுக்குப் பெரும்பாலும் முதல் அடியின் மூன்றாம் சீரில்தான் கூடும். மோனைக்காகச் சொல்லைத் தேடும்போது தளையை மறந்துவிடுவார்கள். அப்படியானால் சொல் ஜோடிப் பட்டியலைப் பொருள்படி வைக்காமல் முதல் எழுத்துப்படி மாற்றி எழுதுங்கள்.

இன்று மாலைக்கு ஓர் ஈற்றடி தருகிறேன், விரும்புகிறவர்கள் எல்லோரும் எழுதலாம்:

*சாவி தொலைத்த சனி*

தேமா, புளிமா, மலர். நேரில் தொடங்குவதால் முதல் அடி விளத்திலோ காயிலோ முடிய வேண்டும். எதுகைக்கு ஆவி, காவி, கூவி, தாவி, ஓவியம், கோவில் இருக்கின்றன. சனி கிழமையா கிரகமா என்பது உங்கள் பாடு. நாளை மதியத்துக்குள் இங்கேயே போடுங்கள், அலகிட்டும் போடுங்கள்.